கணக்குப் படிப்பு: கல்லூரியிலா, வீட்டிலிருந்தா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலிருந்தே எங்கள் அலுவலகத்துக்குப் பெற்றோர் வரத் தொடங்குவார்கள். ஆடிட்டர் ஆபீஸில் கேட்டால் சரியாகச் சொல்வார்கள் என்ற நம்பிக்கை. போன வருடம் ஓர் அம்மா கல்லூரி ரசீதோடு வந்தார். "பையனை பி.காம். சி.ஏ.ல சேர்த்துட்டோம் சார். மூணு வருஷத்துல ஆடிட்டர் ஆயிடுவான்ல?" என்று கேட்டார். பையன் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கல்லூரிக்குப் போன இரண்டாம் நாளே அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.காம். சி.ஏ. என்றால் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டராக்கும் சி.ஏ. முற்றிலும் வேறு. அதை எந்தக் கல்லூரியும் தர முடியாது. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் மட்டுமே தேர்வு வைத்து அந்தத் தகுதியைத் தருகிறது. அந்த அம்மாவுக்கு இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. அதனால்தான் இந்த அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே இதை எழுதுகிறேன்.

பி.காம். சி.ஏ. மட்டமான படிப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. கணக்கோடு கொஞ்சம் கம்ப்யூட்டரும் சேர்ந்த பட்டம் அது. சி.ஏ. தேர்வுக்கு அந்தப் பையனும் தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினேன். பி.காம். ஜெனரல், அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ், கார்ப்பரேட் செகரட்டரிஷிப் என்று பெயர்கள் நிறைய. பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். பாடத்திட்டத்தை வாங்கி ஆறு பருவங்களிலும் நிதிக் கணக்கியல், நிறுமக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், வருமான வரி, தணிக்கை ஆகிய தாள்கள் எத்தனை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். கணக்குத் தாள்கள் அதிகம் உள்ளதுதான் கணக்குப் படிப்பு.

கல்லாப்பெட்டியை ஓர் ஆளாக நினையுங்கள்

எங்கே படிப்பது என்று முடிவு செய்வதற்கு முன், எதைப் படிக்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது. பதினோராம் வகுப்பில் கணக்குப்பதிவியல் எடுத்த பிள்ளைகளில் பாதிப் பேர் முதல் மாதத்திலேயே மிரண்டுபோவது ஒரே இடத்தில்தான். ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுத வேண்டும் என்கிறார் ஆசிரியர். வீட்டில் அப்பாவோ பணம் வந்தால் வரவு என்கிறார். இரண்டில் எது சரி என்று கேட்கப் பயந்து, விதியை மனப்பாடம் செய்துவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தக் குழப்பம் பட்டம் வாங்கும்வரை கூடவே வருகிறது.

இதைத் தீர்க்க நான் எல்லோருக்கும் மளிகைக் கடைப் பற்று நோட்டைத்தான் காட்டுவேன். அதில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம் இருக்கும். ஓர் ஆசிரியர் வீட்டுக்கு 1,250 ரூபாய்க்குச் சாமான் போனால் அவர் பக்கத்தில் பற்று 1,250. மாலையில் அவர் 1,000 ரூபாய் கொடுத்தால் அதே பக்கத்தில் வரவு 1,000. பாக்கி 250. அதாவது, அந்தப் பக்கத்துக்காரர் நம்மிடமிருந்து வாங்கியது பற்று. அவரிடமிருந்து நமக்கு வந்தது வரவு. கடைக்காரர் தலைமுறை தலைமுறையாக எழுதுவதும் பாடநூல் சொல்வதும் இங்கே ஒன்றுதான்.

இப்போது கல்லாப்பெட்டியையும் அந்த ஆசிரியரைப் போல ஓர் ஆளாக நினைத்து அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இன்று ரொக்க விற்பனை 8,400. கல்லா அதை வாங்கிக்கொண்டது, ஆகவே பற்று. ஆசிரியர் கொடுத்த 1,000-மும் கல்லாவுக்குள்தான் போனது, அதுவும் பற்று. கடை வாடகை 6,000 கட்டினோம். கல்லா கொடுத்தது, ஆகவே வரவு. முதலாளி வீட்டுச் செலவுக்கு 500 எடுத்தார், அதுவும் வரவு. காலையில் கல்லா காலி என்று வைத்துக்கொண்டால் பற்று 9,400, வரவு 6,500, கையில் 2,900. பெட்டியைத் திறந்து எண்ணினால் 2,900 இருக்க வேண்டும்.

மற்ற பக்கங்களையும் இதே கேள்வியோடு எழுதுங்கள்: இந்தப் பக்கம் வாங்கியதா, கொடுத்ததா? வாடகைப் பக்கம் 6,000 வாங்கியது. எடுப்புப் பக்கம் 500 வாங்கியது. விற்பனைப் பக்கம் ரொக்கத்துக்கு 8,400-ம் கடனுக்கு 1,250-ம் ஆக 9,650 கொடுத்தது. இனி இருப்பாய்வு போடலாம். பற்றுப் பக்கம் கல்லா 2,900, ஆசிரியர் 250, வாடகை 6,000, எடுப்பு 500. கூட்டினால் 9,650. வரவுப் பக்கம் விற்பனை மட்டும், அதுவும் 9,650. இரண்டும் சரிக்குச் சரி நிற்கும் அந்த நொடியில் ஒரு பிள்ளையின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தோஷம் ஒருமுறை கிடைத்துவிட்டால் பிறகு யாரும் அவர்களைப் படி படி என்று விரட்ட வேண்டியதில்லை.

வங்கிப் பாஸ்புக் ஏன் தலைகீழாக இருக்கிறது என்பதும் இதே வழியில் விளங்கிவிடும். நீங்கள் 5,000 ரூபாய் போட்டால் வங்கி தன் ஏட்டில் உங்கள் பக்கத்தில் வரவு எழுதுகிறது, ஏனென்றால் கொடுத்தவர் நீங்கள். உங்கள் ஏட்டிலோ வங்கிக்கு ஒரு பக்கம் இருக்கிறது. வாங்கியது வங்கி, ஆகவே பற்று. ஒரே பணம், இரண்டு பேருடைய ஏடு. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் வங்கிச் சரிகட்டும் பட்டியல்.

இத்தாலியில் 1494-இல் லூக்கா பாச்சோலி அச்சில் ஏற்றிய இரட்டைப்பதிவு முறையைத்தான் இன்று உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். ஆனால் ஏடு எழுதும் பழக்கம் நமக்கு எங்கிருந்தோ வந்த ஒன்றில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார், கடையின் நிலையை ஐந்தொகை பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் பேலன்ஸ் ஷீட்டுக்கு அந்தச் சொல்தான் நெடுங்காலம் வழங்கியது. நம் பாடநூல் இருப்புநிலைக் குறிப்பு என்கிறது. சொல் எதுவானாலும், இது கையால் எழுதிப் பழகும் தொழில். நீச்சலைப் பார்த்துக் கற்க முடியாதது போலத்தான் இதுவும். வீடியோவில் ஆசிரியர் போடும் கணக்கைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். வெள்ளைத் தாளை எடுத்து நீங்களே போடும்போதுதான் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியும். கல்லூரியையும் இணையப் படிப்பையும் நான் எடைபோடுவது இந்த ஒரு தராசில்தான்: உங்களைத் தினமும் எழுத வைப்பது எது?

கல்லூரிக்குப் போவதென்றால்

பதினேழு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் வசதி இருந்தால் நேரடிக் கல்லூரியைத்தான் சொல்வேன். மணி அடித்தால் வகுப்பு, பக்கத்தில் உட்கார்ந்து விடையை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தோழன் அல்லது தோழி, தப்பு செய்தால் உடனே சிவப்பு மையில் சுழிக்க ஓர் ஆசிரியர். இந்த மூன்றையும் வீட்டில் தனியாக உண்டாக்கிக்கொள்ள அந்த வயதில் மிகுந்த மனவலிமை வேண்டும்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இணையத்தில் பொது விண்ணப்பம் உண்டு. கட்டணம் மிகக் குறைவு. அரசு உதவி பெறும் கல்லூரிகளில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரே கல்லூரியில் ஒரே பி.காம். படிப்பு எய்டட் பிரிவிலும் இருக்கும், செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவிலும் இருக்கும். கட்டணம் பல மடங்கு வேறுபடும். பட்டம் தருவது ஒரே பல்கலைக்கழகம்தான். எய்டட் இடத்துக்கு முதலில் விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று இரண்டு முறை பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சென்னையில் பல கல்லூரிகள் காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று நடக்கின்றன. எனக்கு இது ஒரு வரமாகவே தோன்றுகிறது. காலை ஷிப்டில் படிக்கிறவர் மதியத்துக்கு மேல் ஓர் ஆடிட்டர் ஆபீஸிலோ ஒரு மொத்தக் கடையிலோ மூன்று மணி நேரம் உட்கார முடியும். சம்பளம் சொற்பமாக இருக்கும், சில இடங்களில் பஸ் காசுதான் கிடைக்கும். ஆனாலும் போங்கள். முதல் வேலைநாளில் என் முன்னால் ஓர் அரிசி ஆலையின் வவுச்சர் கட்டை வைத்தார்கள். பட்டம் முடித்து முதல் வகுப்போடு வந்திருந்தேன். கட்டில் ஒரு டெபிட் நோட் இருந்தது. புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் கையில் இருந்த அந்த மஞ்சள் தாள்தான் டெபிட் நோட் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் படித்த மூன்று ஆண்டுகளில் ஓர் அசல் பில்லை யாரும் வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டவில்லை. உங்களுக்கு அப்படி நேரக் கூடாது.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் கேன்டீனையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருவரிடம் கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். பக்கங்கள் நிரம்பியிருக்கின்றனவா, ஆசிரியர் திருத்திய குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடத்தில் கல்லூரியின் தரம் தெரிந்துவிடும்.

பணக் கணக்கில் இன்னொன்றும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. நேரடியாகக் கல்லூரிக்குப் போய்ப் படிப்பவர்களுக்கான உதவி இது. தொலைநிலையில் சேர்ந்தால் கிடைக்காது. மூன்று ஆண்டுகளுக்கு 36,000 ரூபாய் என்பது பல வீடுகளுக்குச் சின்னத் தொகை இல்லை.

வீட்டிலிருந்து படிப்பதென்றால்

ஏற்கெனவே வேலையில் இருப்பவர், குழந்தை பிறந்து படிப்பு நின்றுபோனவர், பில்லிங் கவுண்டரில் நின்றுகொண்டே பட்டம் வாங்க நினைப்பவர், இவர்களுக்குத் தொலைநிலைக் கல்வியும் இணையவழிக் கல்வியும் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இல் தொடங்கியது. பி.காம். படிப்பை மூன்று ஆண்டில் முடிக்கலாம், முடியாவிட்டால் ஆறு ஆண்டு வரை நேரம் தருகிறது. ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் 1981-லிருந்து நடக்கிறது. அஞ்சல்வழிப் படிப்பு மட்டம் என்ற பேச்சு இன்னும் சில வீடுகளில் ஓடுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒப்புதல் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று அந்தக் குழுவே 2022-இல் அறிவித்துவிட்டது.

ஒப்புதல் பெற்ற என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா, நீங்கள் சேரும் ஆண்டுக்கும் பருவத்துக்கும் இருக்கிறதா, குறிப்பாக பி.காம். இருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். ஒரு பல்கலைக்கழகத்துக்கு எம்.ஏ. நடத்த ஒப்புதல் இருக்கும், பி.காம்.முக்கு இருக்காது. தெருமுனையில் போர்டு வைத்து, "பீஸ் இங்கேயே கட்டிடுங்க, பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும்" என்று சொல்லும் மையங்களில் பணம் கட்டாதீர்கள். படிப்பை இப்படிக் குத்தகைக்கு விட விதியில் இடமில்லை. பணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே போக வேண்டும், ரசீதும் அதன் பெயரிலேயே வர வேண்டும்.

நேரடியாக வேறு பட்டம் படித்துக்கொண்டிருப்பவருக்கும் வழி உண்டு. கல்லூரியில் ஒரு பட்டம், கூடவே தொலைநிலையிலோ இணைய வழியிலோ இன்னொன்று என்று இரண்டையும் ஒரே காலத்தில் படிக்க 2022-இல் அனுமதி வந்தது. பி.எஸ்ஸி. கணிதம் படிக்கும் பெண் ஒருவர் இப்படி பி.காம்.மும் சேர்த்துப் படிக்கிறார். எண்ணில் தெளிவுள்ளவர்களுக்கு இது நல்ல சேர்க்கை.

பட்டத்துக்காக இல்லாமல் பாடத்துக்காக மட்டும் கேட்க விரும்பினால், மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் கணக்கியல் பாடங்கள் இலவசம். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களும் அங்கே உண்டு. அவற்றுக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் 1,000 ரூபாய் கட்டி, மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். வாராவாரம் சமர்ப்பிக்கும் பயிற்சிகளுக்கு 25 விழுக்காடு, தேர்வுக்கு 75. பட்டயக் கணக்காளர் நிறுவனமும் தன் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, நேரலை வகுப்பும் இலவசமாக நடத்துகிறது. காசு கொடுத்துக் கோச்சிங் சேர்வதற்கு முன் ஒரு மாதமாவது இதைக் கேட்டுப் பாருங்கள்.

காசு வாங்கும் பயிற்சிகளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. என் தங்கை மகள் நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்ற விளம்பரத்தைப் பார்த்து, தவணையில் பணம் கட்டி ஜி.எஸ்.டி. பயிற்சி ஒன்றில் சேர்ந்தாள். பாடம் முழுக்கப் பழைய பதிவு. 12 விழுக்காடு, 28 விழுக்காடு என்று பெரும்பாலான பொருள்களுக்கு இல்லாமல் போன விகிதங்களையே நடத்திக்கொண்டிருந்தார்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து பெரும்பாலானவை 5-க்கும் 18-க்கும் வந்துவிட்டன. நேர்முகத் தேர்வில் அவள் சொன்ன பதிலைக் கேட்டு எதிரே இருந்தவர்கள் மேலே எதுவும் கேட்கவில்லை. அவள் வீட்டுக்கு வந்து அழுதாள். தவணை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே எந்த வரிப் பாடத்தையும் வாங்கும் முன் எந்த மாதம் பதிவு செய்தது என்று கேளுங்கள். வருமான வரியும் அப்படித்தான். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற பழைய இரட்டைக் குழப்பம் நீங்கி, வரி ஆண்டு என்று ஒன்றுதான் இனி. ரெட்டி - மூர்த்தி எழுதிய நிதிக் கணக்கியல் புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு வாங்கலாம். தேய்மானமும் கூட்டாண்மைக் கணக்கும் மாறிவிடவில்லை. வரிப் புத்தகம் மட்டும் புதிதாக இருக்கட்டும்.

சி.ஏ. ஆசை உள்ளவர்களுக்கு

இரண்டு வாசல்கள். முதலாவது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஃபவுண்டேஷன் எழுதுவது. நான்கு தாள்கள்: கணக்கியல், வணிகச் சட்டங்கள், கணிதமும் தர்க்கமும் புள்ளியியலும் சேர்ந்த தாள், வணிகப் பொருளியல். முதல் இரண்டும் எழுதும் தாள்கள், மற்ற இரண்டும் கொள்குறி வகை. தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 விழுக்காடு வேண்டும். மொத்தம் 240 எடுத்து ஒரு தாளில் 38 வாங்கினாலும் தேர்ச்சி இல்லை. பதிவு செய்து நான்கு மாதப் படிப்புக் காலம் கழிந்த பிறகே எழுத முடியும் என்பதால் ரிசல்ட் வந்த பிறகு நிதானமாகப் பார்க்கலாம் என்று இருந்தால் ஒரு தேர்வு தவறிவிடும்.

இரண்டாவது வாசல் பட்டம் முடித்தபின் திறக்கிறது. வணிகவியல் பட்டத்தில் 55 விழுக்காடு, மற்ற பட்டங்களில் 60 எடுத்தவர்கள் ஃபவுண்டேஷன் எழுதாமலே இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். தொலைநிலையில் படிப்பவர்கள் இந்த 55-ஐ மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும். தேர்ச்சி போதும் என்று 45-இல் முடித்துவிட்டு, பிறகு இந்த வாசலுக்கு வந்து நின்று வருந்தியவர்கள் உண்டு.

அதன்பின் இன்டரில் இரண்டு குரூப், மொத்தம் ஆறு தாள். இரண்டு குரூப்பும் முடித்தபின் ஓர் ஆடிட்டரிடம் இரண்டு ஆண்டு ஆர்டிகல்ஷிப் பயிற்சி. 2023-இல் வந்த புதிய திட்டத்துக்கு முன் இது மூன்று ஆண்டாக இருந்தது. பிறகு ஆறு தாள் ஃபைனல். ஆர்டிகல்ஷிப்போடு பட்டப்படிப்பும் படிப்பதென்றால் நிறுவனத்தின் அனுமதி வாங்க வேண்டும், அலுவலக நேரமும் வகுப்பு நேரமும் மோதக் கூடாது. காலை ஷிப்ட் கல்லூரியும் தொலைநிலை பி.காம்.மும் இங்கேதான் கைகொடுக்கின்றன.

என் அனுபவத்தில், வீட்டில் ஒருவர் சம்பாத்தியத்தில் ஐந்து பேர் சாப்பிடும் குடும்பத்துப் பிள்ளைக்கு இரண்டாவது வாசலே நல்லது. கையில் பட்டம் இருந்தால், இடையில் ஒரு குரூப் போனாலும் வேலைக்குப் போய்க்கொண்டே மறுபடி எழுதலாம்.

சி.எம்.ஏ. என்ற பெயரிலும் குழப்பம் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய அடக்கவிலைக் கணக்காளர் நிறுவனம் தருவதும் சி.எம்.ஏ., இரண்டு பகுதிகள் கொண்ட அமெரிக்கத் தகுதியும் சி.எம்.ஏ. விளம்பரத்தில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரிட்டனின் ஏ.சி.சி.ஏ.வுக்கு 13 தாள்கள். பி.காம். முடித்தவர்களுக்குச் சில தாள்கள் கழியும். பன்னாட்டு அலுவலகங்களில் அதற்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் இந்தியாவில் ஒரு நிறுமத்தின் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்திட அதை வைத்து முடியாது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு

சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். பல பல்கலைக்கழகங்களில் பி.காம். தேர்வைத் தமிழில் எழுதலாம். தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் முதல் பருவத்தில் திணறுவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். கணக்கு அவர்களுக்குத் தெரியும், சொல்தான் தெரியாது. கணக்கின் சொற்கள் கடல் மாதிரி விரிந்தவை இல்லை. இருநூறு சொற்களுக்குள் அடங்கிவிடும்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் இரண்டு பத்தியாகக் கோடு போடுங்கள். பேரேடு என்றால் லெட்ஜர், இருப்பாய்வு என்றால் ட்ரயல் பேலன்ஸ், கடனாளிகள் டெப்டார்ஸ், கடனீந்தோர் கிரெடிட்டார்ஸ், தேய்மானம் டெப்ரிசியேஷன், கொடுபட வேண்டிய செலவு அவுட்ஸ்டாண்டிங், அனாமத்துக் கணக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட். ஆங்கில எழுத்துகளிலும் எழுதிப் பழகுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும், நாற்பது நாளில் முடிந்துவிடும். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூல் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் திறந்து வைத்து ஒரே கணக்கைப் படிப்பதைவிட நல்ல அகராதி இல்லை. தமிழில் புரிந்ததை விட்டுவிடாதீர்கள். புரிந்தது அங்கேதான் வேர் பிடித்திருக்கிறது.

தினம் முக்கால் மணி நேரம்

வீட்டிலிருந்து படிப்பவருக்கு ஆசிரியரின் சிவப்பு மை இல்லை. அந்த இடத்தை நிரப்ப உங்கள் வங்கி ஸ்டேட்மெண்டே போதும். போன மாதத்துக்கானதை எடுத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் போன்பே செய்தது, வீட்டு வாடகை, சம்பளம், தோழிக்குக் கொடுத்த கடன், எல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதி, பேரேட்டில் ஏற்றி, இருப்பாய்வு போட்டு, கடைசியில் வங்கியின் இருப்போடு சரிபாருங்கள். கற்பனைக் கம்பெனிக் கணக்கில் விடை புத்தகத்தின் பின்னால் இருக்கும். இதில் விடை உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது.

முதல் மூன்று மாதம் கையால் எழுதிய பிறகே டாலி என்ற கணக்கு மென்பொருளைத் தொடுங்கள். டாலி பிரைமைக் கல்விப் பயன்முறையில் காசில்லாமல் பழகலாம், மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும் பதிவு போட விடும். பழக அது போதும். மென்பொருள் கூட்டலைச் சரியாகச் செய்துவிடும். பற்றில் போக வேண்டிய கணக்கையே நீங்கள் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தப்பையும் மிக நேர்த்தியாகக் கூட்டித் தரும்.

இருப்பாய்வு ஒட்டாமல் போகும் நாள் கண்டிப்பாக வரும். அப்போது எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்காதீர்கள். வித்தியாசத்தை இரண்டால் வகுங்கள். அந்தத் தொகை ஏட்டில் எங்காவது இருந்தால், அதைப் பக்கம் மாற்றி ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம். கிடைக்காவிட்டால் ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபட்டால், இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 4,590 என்பதை 4,950 என்று எழுதினால் வித்தியாசம் 360, ஒன்பதால் வகுபடும். எந்த இரண்டு இலக்கங்களை மாற்றி எழுதினாலும் இது பொருந்தும். வயதான கணக்குப்பிள்ளைகள் கால்குலேட்டர் இல்லாமலே இதை வைத்துத்தான் தப்பைப் பிடித்தார்கள்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது 14 கடைகளின் ஜி.எஸ்.டி. கணக்கைப் பார்க்கும் பெண் ஒருவர், ஜவுளிக் கடை ஒன்றில் பில் போட்டுக்கொண்டே தொலைநிலையில் பி.காம். படித்தவர். ஒவ்வொரு மாதமும் 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர். 1 அறிக்கை, 20-ஆம் தேதிக்குள் 3பி அறிக்கை, ஒருநாள் தவறியதில்லை. வேலை கேட்டு வந்த அன்று அவரிடம் பெரிய கல்லூரியின் பெயரோ சிபாரிசுக் கடிதமோ இல்லை. ஒரு நீளக் கணக்கு நோட்டை மேஜைமேல் வைத்தார். பதினெட்டு மாதத்து வீட்டுக் கணக்கு, மாதாமாதம் வங்கியோடு சரிகட்டியது. நான் முதல் மாதத்தைப் புரட்டினேன். இருப்பாய்வின் கீழே பென்சிலில் "வித்தியாசம் ரூ. 18" என்று இருந்தது. பக்கத்தில் தேதி. மூன்று நாள் கழித்து இன்னொரு தேதி போட்டு, பேனாவில் எழுதியிருந்தார்: பால் பில் 64, ஏற்றியது 46.